கூப்பிடும் பெயர்

கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று கருணாகரன் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டி, முன்னால் கைகட்டி நின்றார். சொந்த மாமனார் முன்னால்கூட மனிதர் அப்படி நின்றது கிடையாது. தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலிருந்து உள்ளே ஒடுங்கும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவருடைய ‘பளிங்கு கிளீனிங் சர்வீஸ்’. வீடோ ஆபீஸோ, தரை தேய்ப்பது, பாத்ரூம் கழுவுவது, தண்ணீர்த் தொட்டியில் இறங்கித் துடைப்பது, சோபாவுக்கு ஷாம்பூ போடுவது எல்லாம் செய்து கொடுப்பார்கள். முப்பத்தெட்டுப் பெண்கள், ஒன்பது ஆண்கள், நானூற்றுப் பதினோரு வாடிக்கையாளர்கள். இத்தனை பேரையும் கட்டி மேய்க்க இதுவரை இருந்தது ஒரு டெலிபோன், ஒரு நீளமான ரிஜிஸ்டர், ஒரு சுந்தரவல்லி. இப்போது தொண்ணூற்றெட்டாம் வருஷம் பிறந்துவிட்டது. தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மச்சினர்கூடக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். கருணாகரனுக்கு அது பொறுக்குமா?

“வல்லி, மெஷின் வந்துட்டு. அதுக்குள்ள போடுத பேக்கேஜை நீதான் பாத்து எடுக்கணும்” என்றார். “எந்த வீட்டுக்கு எப்பப் போனோம், அடுத்து எப்பப் போகணும், யாரு போனா, எல்லாம் பட்டனைத் தட்டினா வரணும். ரெண்டு பேரு வந்து காட்டுவாக. எதுன்னு நீ சொல்லு, கையெழுத்து நான் போடுதேன்.”

“எனக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும் அண்ணாச்சி?”

“கம்ப்யூட்டரைப் பத்தி அவனுவளுக்குத் தெரியும். கஸ்டமரைப் பத்தி உனக்குத்தானே தெரியும்?”

அது உண்மைதான். சுந்தரவல்லி கருணாகரனுக்குத் திருநெல்வேலிப் பக்கத்துத் தூரத்துச் சொந்தம். பன்னிரண்டு வருஷமாக அந்த மேசையைவிட்டு அசையாதவள். மந்தைவெளியில் எந்த வீட்டு நாய் கடிக்கும், அடையாறில் எந்த வீட்டுப் பெரியவருக்கு பினாயில் வாடை ஆகாது, யார் வீட்டில் என்றைக்குத் திவசம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதையெல்லாம் ரிஜிஸ்டரின் ஓரத்தில் எறும்பு மாதிரி எழுதி வைத்திருந்தாள். கூடவே அறுபத்திரண்டு வீடுகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு அர்த்தம் என்ன என்று மட்டும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பேக்கேஜ் என்ற பேச்சு எழுந்ததுமே அவளுக்கு ஞாபகம் வந்தது அந்தப் புள்ளிதான்.

புள்ளிக்குப் பின்னால் இருந்தவள் அமீனா பீ. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய சந்துக்காரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேலை கேட்டு வந்தாள். மார்பிளில் இறங்கிய மஞ்சள் கறையை ஆசிட் ஊற்றாமல் எடுக்க அவளை விட்டால் கம்பெனியில் ஆள் கிடையாது. சேர்ந்த முதல் வாரமே மயிலாப்பூரிலிருந்து ஒரு போன். நாளைக்கு யாரை அனுப்பறேள், பேர் என்ன என்று கேட்டார்கள். அமீனா என்றாள் சுந்தரவல்லி. அந்தப் பக்கம் குரல் இறங்கியது. “வேற யாராவது இருந்தாப் பாருங்கோளேன். அவசரமில்லை.”

அவ்வளவுதான். யாரும் யாரையும் திட்டவில்லை. மதத்தைக் கேட்டால் நாகரிகக் குறைவு, பேரைக் கேட்டால் தப்பில்லை. இந்தப் பேர் கேட்கிற வியாதி மயிலாப்பூருக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தி. நகரில் கருணாகரனின் சொந்தபந்தங்கள் வீட்டிலும் அதே கேள்விதான். அங்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டார்கள், அதுதான் வித்தியாசம்.

மூன்றாவது போனுக்குப் பிறகு சுந்தரவல்லி அமீனாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

“இங்க பாரு, அமீனான்னா ஜப்திக்கு வருவானே, கோர்ட்டு அமீனா, அந்த ஞாபகம் வருது ஜனங்களுக்கு. பேரைக் கேட்டதுமே பயந்துக்கிறாங்க. முதல் எழுத்தை எடுத்துருவோம். வீடுங்களுக்குப் போனா மீனான்னு சொல்லு.”

கோர்ட்டு அமீனாவுக்கு அங்கே யாரும் பயப்படவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அமீனா தன் விரல்களைப் பார்த்தபடி கேட்டாள்.

“எடுத்த எழுத்த இன்னா பண்ணுவ அக்கா?”

“என் டிராயர்ல போட்டு வெக்கிறேன். சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போ.”

அன்றைக்கு ஆரம்பித்தது. காலையில் அண்ணா சாலையில் ஒரு பேங்க் ஆபீஸைத் துடைக்கும்போது அவள் அமீனா பீ. அங்கே கேட் பாஸுக்கு ரேஷன் கார்டில் இருக்கும் பேர்தான் வேண்டும். பத்து மணிக்கு மாடியேறி வந்து சுந்தரவல்லியின் டிராயரைத் திறந்து, ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டால் மீனா. பொட்டு வைத்துக்கொள் என்று சுந்தரவல்லி ஒருநாளும் சொன்னதில்லை. அவளாகவே வாங்கி வந்து வைத்துக்கொண்டாள். சாயங்காலம் பொட்டைப் பிய்த்து டிராயரின் உள்பக்கத்தில் ஒட்டிவிட்டு உள்ளங்கையை நீட்டுவாள். “என் ‘அ’வைக் குடு அக்கா, ஊட்டுக்குப் போவணும்.” சுந்தரவல்லி எதையோ எடுத்துக் கொடுக்கிற மாதிரி கொடுப்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒன்பது வருஷம் இதற்குச் சிரித்தார்கள்.

தான் ஒரு நல்ல காரியம் செய்ததாகத்தான் சுந்தரவல்லி மனதுக்குள் வைத்திருந்தாள். உள்ளதைச் சொன்னால், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அமீனாவோடு வேலைக்கு வந்த அஸ்மத்துன்னிசாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் பேரில் எந்த எழுத்தை எடுத்துப் பார்த்தும் எடுபடவில்லை. ஆபீஸ்களோடு நின்றுவிட்டாள். கருணாகரனுக்கும் விஷயம் தெரியும். “அதெல்லாம் நீ பாத்துக்க, என் காதுல போடாத” என்று சொல்லிக்கொண்டே காதில் போட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டவர் அவர்.

ரிஜிஸ்டர் இருந்தவரைக்கும் பயமில்லை. ஓரத்தில் அவள் எழுதியதை அவளைத் தவிர யாராலும் படிக்க முடியாது. இனி எல்லாம் பெட்டிக்குள் போய், பட்டனைத் தட்டியவன் கண்ணுக்கெல்லாம் தெரியப்போகிறது. அந்த அறுபத்திரண்டு வீடுகளும் போனால் அமீனாவுக்கு மிஞ்சுவது காலையில் இரண்டு மணி நேர பேங்க் வேலை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது எந்த மூலைக்கு?

முதலில் வந்தவள் மாளவிகா. நுங்கம்பாக்கத்தில் ஏதோ ஏ.சி. கம்பெனி. கூடவே டை கட்டிய ஒருவன் வந்திருந்தான். கடைசிவரை அவன் வாயைத் திறக்கவில்லை. பெட்டி தூக்குவதற்காகக் கூட்டி வந்திருப்பாள்.

“மேடம், இனிமே எல்லாமே கஸ்டமர் ரிலேஷன்ஷிப்தான்” என்று ஆரம்பித்தாள். அவளுடைய பேக்கேஜ் வாடிக்கையாளர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புமாம். கல்யாண நாளுக்கும் அனுப்புமாம். ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு நன்றிக் கடிதம் அச்சடித்துத் தருமாம். திரையில் அதைக் காட்டினாள். இன்று உங்கள் இல்லத்தைச் சுத்தம் செய்தவர் என்று இங்கிலீஷில் ஒரு வரி, பக்கத்தில் பேர் போட ஒரு இடம்.

கருணாகரனுக்கு வாயெல்லாம் பல். “பாத்தியா வல்லி, பொறந்த நாளுக்கு வாழ்த்தாம்லா! எம்பொறந்த நாளு என் பொஞ்சாதிக்கே ஞாபகம் இருக்காது.”

சுந்தரவல்லி அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த இடத்துல எந்தப் பேர் வரும்மா?”

“ரெஜிஸ்டர் பண்ணின பேர் மேடம். ஐ.டி. புரூஃப்ல இருக்கிறது.”

“ஒரு ஆளுக்கு ரெண்டு பேர் போடலாமா?”

மாளவிகா சிரித்தாள். “அதெப்படி மேடம்? அது டூப்ளிகேட் ஆயிடும். ஒரே அட்ரஸ், ஒரே ஹஸ்பண்ட் பேர்னா பேக்கேஜே கண்டுபிடிச்சு சிவப்பாக் காட்டும். பொய் என்ட்ரிக்கு சான்ஸே இல்லை. அதுதான் எங்க ஸ்பெஷாலிட்டி.”

பொய்யைக் கண்டுபிடிக்கிற மெஷினை வைத்துக்கொண்டு இந்த ஊரில் நாலு வீடு ஏறி இறங்க முடியுமா? சுந்தரவல்லி அவளுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

இரண்டாவதாக வந்தவன் ஸ்ரீநாத். இருபத்தாறு வயது, மயிலாப்பூர். கம்பெனி கிம்பெனி எதுவும் கிடையாது. வீட்டு மாடியில் ஒரு அறையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவன். வந்ததும் எதையும் காட்டவில்லை.

“முதல்ல உங்க ரிஜிஸ்டரைக் காட்டுங்கோ மேடம். நீங்க எப்படி எழுதறேளோ அந்த மாதிரிதான் பேக்கேஜ் இருக்கணும். எந்தக் கட்டம் வேணுமோ சொல்லுங்கோ, போட்டுத் தரேன். தமிழ் எழுத்தும் வரும்.”

பன்னிரண்டு வருஷத்தில் நீ எப்படி எழுதுகிறாய் என்று அவளை ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த நிமிஷமே அவனைப் பிடித்துப்போயிற்று. ரிஜிஸ்டரை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் நின்றான்.

“அட, இது எங்காத்து அட்ரஸ்னா! சூடாமணி வெங்கடரமணன், எங்கம்மா. இந்தச் சிவப்புப் புள்ளி என்னது மேடம்?”

“நல்ல கஸ்டமர்னு அர்த்தம்.” பொய் தண்ணீர் மாதிரி வந்தது.

“சொன்னா அம்மா சந்தோஷப்படுவா. எங்காத்துக்கு மீனான்னு ஒருத்தி வருவா. அவ வந்தாத்தான் அம்மாவுக்குத் திருப்தி. எங்களையே குளிக்காம சமையல் உள்ளுக்குள்ள விடமாட்டா. அவளை விடுவான்னா பாத்துக்கோங்கோ.”

சுந்தரவல்லி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள். “தம்பி, ஒரு ஆளுக்கு ரெண்டு பேர் போடணும். கார்டுல ஒரு பேர், கூப்பிடுறது ஒரு பேர். யார் வேலைக்கு வர்றாங்கன்னு வீட்டுக்குப் போற சீட்டுல கூப்பிடுற பேர் மட்டும்தான் வரணும்.”

“இதுல என்ன இருக்கு? எங்காத்துல எல்லாருக்குமே ரெண்டு பேர்தான். என்னை அம்பின்னுதான் கூப்பிடுவா. ஸ்ரீநாத்னு போன் வந்தா ராங் நம்பர்னு வெச்சுடுவா பாட்டி.” சிரித்துக்கொண்டே குறிப்பு நோட்டில் எழுதினான்: ‘கூப்பிடும் பெயர்.’

அந்த ஒரு கட்டத்துக்காக அவள் ஸ்ரீநாத்தின் பேக்கேஜைத் தேர்ந்தெடுத்தாள். பிறந்தநாள் வாழ்த்து போச்சே என்று கருணாகரன் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. கையெழுத்தாகிவிட்டது. அன்று சாயங்காலம் அமீனா கையை நீட்டியபோது சுந்தரவல்லிக்கு வாய் கொள்ளவில்லை.

“உன் ‘அ’வுக்குப் பெட்டிக்குள்ளயே இடம் வாங்கிட்டேன்டி.”

“டிராயர் போயி பொட்டியா?” அமீனா கம்ப்யூட்டரை எட்ட நின்று பார்த்தாள். “சாவி உன்கிட்டதான அக்கா கீது?”

“என்கிட்டதான்.”

மூன்று வாரம் வேலை நடந்தது. கருணாகரனின் மச்சினர் மகள் அனுப்ரியா ரிஜிஸ்டரைப் பார்த்து டைப் அடித்தாள். புரியாத இடங்களில் சுந்தரவல்லி படித்துச் சொன்னாள். ஸ்ரீநாத் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தான். அடையாறில் ஒரு வீட்டுத் தொட்டிக்குள் வாளி விழுந்து தகராறு என்று சுந்தரவல்லி கிளம்பிப் போன ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று பார்க்க அவன் ஊழியர் பட்டியலை அச்சடித்தான். நாலாவது வரி இப்படி இருந்தது: பெயர் அமீனா பீ. கூப்பிடும் பெயர் மீனா. செல்லும் வீடுகள் அறுபத்திரண்டு. அதன் கீழே முகவரிகள் வரிசையாக.

ரிஜிஸ்டரில் இந்த மூன்று விஷயமும் மூன்று பக்கத்தில் இருந்தன. ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. மெஷின் மூன்றையும் கூட்டி வந்து ஒரே வரியில் உட்காரவைத்துவிட்டது. வீட்டுக்குப் போகிற சீட்டைப் பற்றி ஆயிரம் தடவை சொன்ன சுந்தரவல்லி, பட்டியலைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஸ்ரீநாத் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை காலை முகமெல்லாம் வெளிச்சமாக வந்தான்.

“மேடம், நேத்து ஆத்துல ஒரு நல்ல காரியம் பண்ணினேன். என் ஃப்ரெண்ட் குலாம் முகம்மது எங்க பின் போர்ஷனை வாடகைக்குக் கேட்டான். அம்மா முடியாதுன்னுட்டா. நம்மாத்துல பழக்கமில்லை, அது இதுன்னா. எனக்கு வந்ததே கோபம்! ஒம்போது வருஷமா உன் சமையல் உள்ளைத் துடைக்கறவ யார் தெரியுமான்னு கேட்டு, லிஸ்ட்டை எடுத்து முன்னாடி வெச்சுட்டேன். அம்மாவால பதிலே பேச முடியலை. என் ஆயுசுல அவளை நான் ஜெயிச்சது இதுதான் முதல் தடவை மேடம்.”

சுந்தரவல்லி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். “லிஸ்ட்டு எங்க தம்பி?”

“அம்மாகிட்டயே விட்டுட்டேன். நன்னாப் பாக்கட்டும்.”

“உன் ஃப்ரெண்டுக்குப் போர்ஷனைக் குடுத்துட்டாங்களா?”

ஸ்ரீநாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “அது... இன்னும் இல்லை. ஆனா யோசிப்பா.”

பளார் என்று ஒன்று விடலாமா என்று இருந்தது அவளுக்கு. பையன் கெட்டவன் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் ஆரம்பத்திலேயே ஜாக்கிரதையாக இருந்திருப்பாளே! அவனுடைய சண்டை, அவனுடைய ஜெயம். வீசியெறியக் கையில் அகப்பட்டது மட்டும் அமீனாவின் பிழைப்பு.

பத்தே காலுக்கு சூடாமணி அம்மாளே போன் செய்தார். குரலில் கோபம் இல்லை.

“சுந்தரவல்லி, நான் சண்டை போடறதுக்குக் கூப்பிடலை. அவ யாரா இருந்தா எனக்கென்ன? வேலையில குத்தம் சொல்ல முடியாது. ஆனா பொய் சொல்லிண்டு ஒருத்தி ஆத்துக்குள்ள வரலாமோ? அதுதான் மனசு ஆறலை. பாராயணத்துக்கு வரவாகிட்டயும் சொல்லிட்டேன். அவாளுக்கும் தெரியணுமோன்னோ? லிஸ்ட்ல அவா அட்ரஸும் இருந்துது.”

சாயங்காலத்துக்குள் பத்தொன்பது போன். மறுநாள் தி. நகரிலிருந்து கருணாகரனின் சொந்தங்கள். எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். யாராக இருந்தாலும் பரவாயில்லை, பொய்தான் பொறுக்கவில்லை. மதம் என்ற வார்த்தை ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. வர அவசியமும் இல்லை. பொய் என்று ஒரு சுத்தமான வார்த்தை எல்லாருக்கும் வசதியாகக் கிடைத்துவிட்டதே! அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது எது என்று கேட்க அறுபத்திரண்டு வீட்டில் ஒரு வீடு இல்லை.

கருணாகரன் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது வல்லி. தெரியாதுதானே?”

பதிலுக்குக் காத்திராமல் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

“கம்பெனி பேரு கெட்டிரப்படாது. ஒரு லெட்டர் போடுவோம். எழுதிக்க. ‘மீனா என்ற போலிப் பெயரில் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்து, எங்களையும் தங்களையும் ஏமாற்றி வந்த அமீனா பீ என்பவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார். நடந்ததற்கு வருந்துகிறோம்.’ போதும்லா?”

“அண்ணாச்சி, அந்தப் பேரு...”

“தெரியும். நீ வெச்ச பேருன்னு வெளிய தெரிஞ்சா உன்னையும்லா அனுப்பச் சொல்லுவாக? அதான் அவ தலையில போட்டேன். உனக்காகத்தான் செய்யுதேன்.”

பேரை வைத்தது நான், அவள் யாரையும் ஏமாற்றவில்லை என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்தது. உஸ்மான் ரோட்டில் நகைக்கடைக் கவுன்ட்டருக்குப் பின்னால் பதினான்கு வருஷமாக நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட புருஷன் ஞாபகம் வந்தான். பிளஸ் டூ படிக்கிற மகள் ஞாபகம் வந்தாள். தொண்டை வரைக்கும் வந்தது அங்கேயே நின்றுவிட்டது. கோழைத்தனத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கும், எல்லாம் நியாயமாகவும் இருக்கும். சுந்தரவல்லி போய் மெஷின் முன்னால் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைத் தன் கையாலேயே அடித்தாள். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தாள்.

“புள்ளி வெச்ச வீடுங்களுக்கு மட்டும் அனுப்பினாப் போதுமே அண்ணாச்சி” என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

“எல்லாருக்கும் போகட்டும். ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுததுக்கு முன்னாடி நாமளே சொன்னது நல்லதுல்லா? பட்டனைத் தட்டினா வந்துரும்லா?”

வந்தது. அதுதான் பேக்கேஜ் செய்த முதல் வேலை. நானூற்றுப் பதினோரு பேருக்கும் தனித்தனியாகப் பேர் போட்டு, முகவரி போட்டு, கர்ரு கர்ரு என்று இரண்டு நாள் பிரின்டர் கதறியது. ஸ்ரீநாத் வெளுத்துப்போன முகத்தோடு பக்கத்தில் நின்றான்.

“நான் இப்படி நினைச்சுப் பண்ணலை மேடம்.”

“நினைச்சு யாருதான் தம்பி பண்றாங்க?” என்றாள் அவள்.

நடுவில் பேப்பர் சிக்கிக்கொண்டது. அவன்தான் சரிசெய்து கொடுத்தான்.

அமீனாவிடம் சொல்ல சுந்தரவல்லிக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வாரத்துக்கு வீட்டு வேலை இல்லை, பேங்க்கை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்று கம்பெனியில் வேலை பார்க்கும் பேச்சியம்மாளிடம் சொல்லி அனுப்பினாள். பேச்சியம்மாளும் அமீனாவும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். பேங்க்கும் அந்த நானூற்றுப் பதினொன்றில் ஒன்று என்பது கடிதம் தபாலில் விழும்போதே சுந்தரவல்லிக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணாமல் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அமீனா மாடியேறி வந்தாள். கையில் அந்தக் கடிதம். நெற்றியில் பொட்டு இல்லை. கருணாகரன் இன்னும் வரவில்லை. அனுப்ரியா சட்டென்று எழுந்து, ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று எதையோ கையில் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

“கேட்டுல வடிவேலு நிறுத்திட்டாரு மேடம்” என்றாள் அமீனா. பேங்க் செக்யூரிட்டி வடிவேலுவுக்கு அவளைப் பல வருஷமாகத் தெரியும். “பாஸைக் குடும்மான்னு வாங்கிக்கினாரு. இன்னாத்துக்குன்னு கேட்டேன். இத்தைப் படிச்சுக் காட்டினாரு. நாலு பேர் நின்னுகினு இருந்தாங்க.”

மேடம் என்ற வார்த்தை சுந்தரவல்லியின் காதில் போய் அறைந்தது. ஒன்பது வருஷமாக அக்கா.

“உக்காரு அமீனா. தண்ணி குடிக்கிறியா?”

அமீனா உட்காரவில்லை. கடிதத்தை மேசையில் விரித்து வைத்தாள். பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியும். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் நிறுத்தினாள். ஆசிட்டும் சோப்பும் தின்று நகம் தேய்ந்துபோன விரல்.

“இங்க போலின்னு போட்டுக்கீது. எது மேடம் போலி?”

சுந்தரவல்லி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“இல்ல, தெரியாமதான் கேக்குறேன். மீனான்னு யாராச்சும் கூப்டா ரோட்டுலகூடத் திரும்பிப் பாப்பேன். என் புள்ளைங்க கிண்டல் பண்ணுவாங்க. கனாவுலகூட அந்தப் பேரச் சொல்லி யாராச்சும் கூப்டுவாங்க. நீ குடுத்த பேரு. அத்தைப் போலின்னு நீயே எழுதிட்டியே.”

“நான் எழுதலை. அண்ணாச்சிதான் சொன்னாரு. நான் வெறும் டைப்...”

சொல்லி முடிக்கும் முன்பே தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது. அமீனா பையிலிருந்து கம்பெனியின் நீலச் சேலை இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டும் துவைத்து, மடிப்புக் கலையாமல் இருந்தன. கடிதத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

அவள் கதவுப் பக்கம் திரும்பியதும் சுந்தரவல்லியின் கை தன்னால் டிராயரைத் திறந்தது. பழக்கம். உள்பக்கத்தில் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டுகள், சில பழையதாகிப் பசை போய் விளிம்பு சுருண்டிருந்தன.

“அமீனா...”

அவள் நின்றாள். டிராயரைப் பார்த்தாள். சுந்தரவல்லியையும் பார்த்தாள்.

“இன்னிக்கு நான் மீனாவா வரல மேடம். அமீனாவாத்தான் வந்தேன். அதுல என்னுது ஒண்ணும் இல்ல.”

படிகளில் அவள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. பிறகு சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. டெலிபோன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

கருணாகரன் வருவதற்குள் பதிவைச் சரிசெய்து வைக்க வேண்டும் என்று சுந்தரவல்லி மெஷினைப் போட்டாள். வேலை பார்த்த ஆளை இந்தப் பேக்கேஜில் அழிக்க முடியாது, நீக்கப்பட்டவர் என்று குறிக்கத்தான் முடியும் என்று ஸ்ரீநாத் சொல்லிக் கொடுத்திருந்தான். அமீனா பீயின் பக்கம் திரையில் வந்தது. பெயர். கூப்பிடும் பெயர். புருஷன் பெயர். முகவரி. சேர்ந்த தேதி. நீக்கிய தேதி. நீக்கிய காரணம். ஒவ்வொரு கட்டமாகக் கீழே இறங்கி, கடைசிவரைக்கும் போய், மறுபடியும் மேலே ஏறி வந்து பார்த்தாள். பெயர் வைத்தவர் யார் என்று எழுத அதில் ஒரு கட்டம் இல்லை. எது கேட்டாலும் போட்டுத் தருகிறேன் என்றுதான் அந்தப் பையன் சொன்னான். அவள்தான் கேட்கவில்லை.